இருபத்தேழாம் மேசை டாக்டரம்மா

வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். வேலை செய்யும் இடத்தில் இருபத்தேழு. எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள்.

பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் முப்பது மேசைகள். மருத்துவமனைகளில் டாக்டர்கள் ஸ்கேனையும் எக்ஸ்ரேயையும் பார்த்துக்கொண்டே மைக்கில் பேசிவைப்பதெல்லாம் இங்கே வந்து விழும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு, ரிப்போர்ட்டாக டைப் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பதுபோல ஒரு மிதி. மிதித்தால் டாக்டர் பேசுவார். காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார்.

"உலகத்துலயே டாக்டருங்கள மிதிச்சு வேலை வாங்கறது நாம மட்டும்தான்" என்று பக்கத்து மேசைக்காரி, புதிதாகச் சேருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பத்தொன்பது வருஷமாக அதே சிரிப்பு. டாக்டரம்மாவும் பத்தொன்பது வருஷமாகக் கூடவே கொஞ்சம் சிரித்து வைத்தாள்.

அந்தப் பெயர் ஏழு வயதில் வந்தது. அப்பா வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். ஒருநாள் காலில் ஆணி ஏறி, ரத்தம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இவள்தான் வெந்நீர் வைத்தாள். புண்ணைக் கழுவினாள். கட்டுவதற்குத் துணி தேடிப் பார்த்துவிட்டு, தலையில் இருந்த ரிப்பனை அவிழ்த்துக் கட்டினாள். அப்பா வலியோடு சிரித்து, "நம்ம வீட்டுக்கு ஒரு டாக்டரம்மா வந்தாச்சு" என்றார். மறுநாள் பட்டறை முழுக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரத்தில் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது.

அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருநாயின் காதுப் புண்ணைச் சுத்தம் செய்து கடி வாங்கினாள். செத்த பல்லியைப் பிளேடால் பிரித்துப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கினாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கரப்பான்பூச்சியை அறுக்கச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற சிநேகிதி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ஒல்லியாக, உயரமாக இருந்ததால் அந்தப் பெண்ணுக்குப் பென்சில் என்று பெயர். டாக்டரம்மா தன்னுடையதையும் அறுத்து, பென்சிலுடையதையும் அறுத்து, ஊசி குத்தி வரிசையாக வைத்தாள். பென்சிலுக்கும் மார்க் கிடைத்தது.

"நீ எதுல சேர்றியோ அதுல நானும் சேர்ந்துக்கறேன்டி" என்பாள் பென்சில். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். பென்சில் கேள்வியை வாசிப்பாள். இவள் பதில் சொல்வாள். சொன்னதும் பென்சில் மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, "சரி, அடுத்தது" என்பாள்.

மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் முதல் தடவை இருவருக்குமே இடம் கிடைக்கவில்லை. இவளுக்கு மயிரிழையில் போனது. பென்சிலுக்கு வெகு தூரத்தில் போனது. அடுத்த வருஷம் ஒரு கை பார்க்கலாம் என்று இருந்தார்கள். இரண்டாவது மாதம், பட்டறையில் நின்றுகொண்டிருந்த அப்பா அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் குழறிப்போயிற்று. அம்மா தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அப்பாவைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் புரட்டிப் படுக்கவைக்கவும் வீட்டில் ஆள் வேண்டியிருந்தது.

"இந்த வருஷம் விடும்மா. அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்றாள் அம்மா. அடுத்த வருஷமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வருஷம் யாரும் எதுவும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. படிக்காதே என்று ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. கோபப்பட ஒரு ஆள் இருந்திருந்தால் அது வேறு விஷயம். எதிர்வீட்டு மாடியில் டைப்பிங் வகுப்பு நடந்தது. அப்பா தூங்கும் நேரத்தில் போய்வர வசதியாக இருந்தது. போனாள். பென்சில் வேறு ஊரில் தங்கிப் பயிற்சி எடுத்து, இடமும் வாங்கிவிட்டாள். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. அப்புறம் நின்றது.

அப்பா ஆறு வருஷம் கிடந்தார். அவர் குழறுவது அம்மாவுக்குக்கூட விளங்காது. டாக்டரம்மாவுக்கு மட்டும் ஒரு எழுத்து பாக்கியில்லாமல் விளங்கும். அந்தக் காதுதான் பிறகு வேலை வாங்கிக்கொடுத்தது. வாயில் எதையோ மென்றுகொண்டு பேசும் டாக்டர், கொட்டாவியோடு பேசும் டாக்டர், ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போல ஓடும் டாக்டர், மற்றவர்கள் கையை விரித்த கோப்புகளெல்லாம் இருபத்தேழாம் மேசைக்கு வரும். அவள் இரண்டு தடவை மிதித்துக் கேட்பாள். எழுதிவிடுவாள்.

கல்யாணம் ஆனது. கணவன் லிப்ட் பழுதுபார்ப்பவன், நல்ல மனிதன், அதிகம் பேசமாட்டான். குழந்தை இல்லை. அதற்கும் ஒரு காலத்தில் அழுதிருக்கிறாள். எப்போது நிறுத்தினாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

நாற்பது வயதில் ஒருநாள் காலையில் ஒரு புதிய குரல் வந்தது. வயிற்று ஸ்கேன். பெண் டாக்டர். நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்து, முடித்து, மூக்கை ஒருமுறை உறிஞ்சி, "சரி, அடுத்தது" என்றாள்.

டாக்டரம்மா மிதியிலிருந்து காலை எடுத்தாள். பிறகு மறுபடி வைத்துக் கேட்டாள். பென்சில்தான். சந்தேகமே இல்லை. கோப்பின் தலைப்பில் இருந்த பெயரும் ஒத்துப்போனது.

அன்று முழுக்கத் தனக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தாள். பொறாமையோ அழுகையோ வந்தாக வேண்டும் என்று நினைத்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல, தன்னைத் தானே இரண்டு தடவை கிள்ளிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் பேருந்தில் இடம் கிடைத்தது, உட்கார்ந்து வந்தாள். கணவனிடம்கூடச் சொல்லவில்லை. நான்கு வருஷம், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு என்று, பென்சில் சொல்லச் சொல்ல எழுதினாள்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை வந்தது. பென்சிலின் குரலில் சளி. நோயாளிக்கு ஐம்பத்திரண்டு வயது. இடது சிறுநீரகத்தில் நான்கு சென்டிமீட்டருக்குக் கட்டி, அதன் ஓரம், அதன் ரத்தக் குழாய் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். கடைசியில் முடிவுரையில், "வலது சிறுநீரகக் கட்டி" என்று முடித்துவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள். சரி, அடுத்தது.

டாக்டரம்மா மூன்று தடவை மிதித்தாள். இடது. இடது. வலது. விதிப்படி அந்த இடத்தைக் காலியாக விட்டு, சிவப்புக் குறி போட்டுத் திருப்பி அனுப்பினாள். கோப்பின் மேல் மூலையில், நாளை காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை என்று இருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. பதில் வரவில்லை.

சூப்பர்வைசரிடம் போனாள்.

"குறி போட்டாச்சுல்ல? நம்ம வேலை அவ்வளவுதான்" என்றார் அவர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவங்க பாக்கல சார். நாளைக்குக் காலைல ஆபரேஷன்."

"ஆபரேஷன் பண்றவரு ஸ்கேன பாக்கமாட்டாரா? இருபத்தேழு, நீங்க டாக்டர் இல்ல. போய் அடுத்த ஃபைல எடுங்க."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அடுத்த கோப்பைத் திறந்தாள். மூடினாள். எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய், தன் கைபேசியிலிருந்து மருத்துவமனைக்குப் போன் செய்தாள். அங்கே நான்கு பேர் அவளை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தள்ளிவிட்டார்கள். ஐந்தாவதாக அந்தக் குரல் வந்தது.

"யாரு?"

"ரிப்போர்ட் டைப் பண்ற எடத்துலேர்ந்து பேசறேன் மேடம். மதியம் அனுப்பினீங்களே, கிட்னி கட்டி. மேல இடதுன்னு சொல்லியிருக்கீங்க, முடிவுல வலதுன்னு இருக்கு."

"வாய்ப்பே இல்லையே."

"மூணு தடவ கேட்டேன் மேடம். நாளைக்குக் காலைல ஆபரேஷன்னு போட்டிருக்கு."

மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு சொடுக்கு.

"இடதுதான்" என்றாள் பென்சில். குரல் இறங்கிப்போயிருந்தது. "இடதுதான். நான் இப்பவே ஆபரேஷன் பண்றவங்களுக்குச் சொல்லிடறேன். நீங்க... உங்க பேரு என்ன?"

"இருபத்தேழு மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டாக்டரை நேரடியாகக் கூப்பிட்டதற்காகச் சூப்பர்வைசர் அவளிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார். அவள் நான்கு வரியில், பிழையில்லாமல் டைப் செய்து கொடுத்தாள்.

ஒன்பது நாள் கழித்து, பென்சில் நேரில் வந்தாள். இப்போது ஒல்லியில்லை. கீழே டீக்கடையில் காத்திருக்கிறேன், இருபத்தேழை அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தாள். டாக்டரம்மா இறங்கிப் போய் எதிரே உட்கார்ந்தாள். நன்றி சொல்ல வாயைத் திறந்த பென்சில் அப்படியே நிறுத்தினாள்.

"டாக்டரம்மா?"

"ஆமா."

"நீயாடி? போன்ல நீயா? என் குரல் தெரியலையா உனக்கு?"

"தெரியும். நாலு வருஷமா தெரியும்."

பென்சில் டீயைத் தொடவே இல்லை. "நாள் முழுக்க இருட்டு ரூம்ல உக்காந்து மைக்குகிட்ட பேசறேன். யாரு கேக்கறான்னே தெரியாம... உங்கிட்டயா பேசிட்டிருந்தேன்?" என்றாள். பிறகு, "ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாமே" என்றாள்.

"கூப்பிட்டு என்ன சொல்றது?"

"எனக்கு அப்படி ஒரு ஆசையே கிடையாதுடி. உன்னப் பாத்துதான் நான் அந்த ஃபாரமே வாங்கினேன்." பென்சிலின் கண் கலங்கியது. "அந்த எடத்துல நீதான் இருக்கணும். என்னைவிட நீ எவ்வளவோ நல்லா பண்ணியிருப்ப."

இந்த மாதிரி இடத்தில் சொல்வதற்கென்று வார்த்தைகள் இருக்கின்றன: அதெல்லாம் இல்ல, உன் உழைப்பு, எல்லாம் நல்லதுக்குத்தான். அவள் யோசித்துப் பார்த்தாள்.

"ஆமா, பண்ணியிருப்பேன்" என்றாள். அதில் வருத்தமும் இல்லை, குத்தலும் இல்லை. டீயைக் குடித்து முடித்தாள்.

போகும் முன் பென்சில் ஒரு செய்தி சொன்னாள். அடுத்த மாதத்திலிருந்து டாக்டர்கள் பேசுவதைக் கணினியே எழுதிவிடுமாம். மருத்துவமனை கையெழுத்துப் போட்டுவிட்டதாம். சரிபார்க்க ஐந்தாறு பேர் இருந்தால் போதுமாம். "அதுல உன்ன வச்சுக்கச் சொல்லியிருக்கேன். இருபத்தேழு இல்லாம சரிப்படாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"சரி" என்றாள்.

"சனிக்கிழம வா. நான் வேலை பாக்கற எடத்த வந்து பாரு. நீ பாக்கணும்டி."

சனிக்கிழமை போனாள். ஜன்னல் இல்லாத அறை. இரண்டு பெரிய திரைகள், ஒரு மைக், ஒரு சுழல் நாற்காலி. பென்சில் அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு ஸ்கேனைத் திறந்தாள். அந்தக் கட்டிக்காரருடையது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாராம்.

"எங்க, சொல்லு பாக்கலாம். கட்டி எங்க இருக்கு?"

டாக்டரம்மா திரையைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. நடுவில் வெள்ளையாக ஒன்று. ஓரத்தில் கறுப்பு. பத்தொன்பது வருஷமாக ஈரல், மண்ணீரல், சிறுநீரகம், அவற்றின் அளவு, ஓரம், நிழல் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாள். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுத்துப் பிழை இல்லாமல் சொல்வாள். ஆனால் படம் ஒன்றைக்கூட யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. சொற்கள்தான் வந்தன.

"இதுல கிட்னி எது?" என்று கேட்டாள்.

பென்சில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, குனிந்து, விரலால் தொட்டுக் காட்டினாள். "இது. அதுக்கு மேல உருண்டையா இருக்கு பாரு, அது கட்டி."

"திரையில இது வலது பக்கமால்ல இருக்கு?"

"நமக்கு எதிர்ல அவர் படுத்திருக்கற மாதிரி. நம்ம வலது அவருக்கு இடது."

"ஓ" என்றாள். பென்சில் இன்னும் இரண்டு மூன்று உறுப்புகளைக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். பக்கத்தில் நின்றவள் கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. தான்தான் இப்போது அழ வேண்டியவள் என்றும் தோன்றியது. மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பசித்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியிருந்தாள்.

"பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்டி?" என்று கேட்டு எழுந்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். விழித்துப் பார்த்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் போய் இரண்டு நிறுத்தம் தாண்டியிருந்தது. இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தாள். வழியில் அரை டஜன் முட்டையும் ஒரு சோப்பும் வாங்கினாள். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் லிப்ட் கிடையாது. நான்கு மாடியும் ஏறினாள்.

கணவன் கதவைத் திறந்தான். "பழைய சிநேகிதியப் பாத்தியா? எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. குளுகுளுன்னு ஏசி ரூம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. சாப்டீங்களா?"

அவன் இல்லை என்றான். அவள் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் கழுவி வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தாள்.