உடைக்காமல் வைத்த கல்

மரம் வெட்டுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பல் டாக்டரம்மா. செயின்சாவின் பல் மழுங்கினால் அவளிடம்தான் வந்தாக வேண்டும். வீட்டின் பின்பக்கம் தகரக்கூரை போட்ட ஓர் அறை. மேசையில் திருகி நிறுத்திய கிரைண்டர், ஆணிகளில் தொங்கும் செயின்கள், ஒவ்வொன்றிலும் யாருடையது என்று எழுதிய துணிப்பட்டை. கணவன்தான் முதலில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தான். விரல்களில் நடுக்கம் கண்ட பிறகு, அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டே வருடத்தில் வேலையில் அவனை மிஞ்சிவிட்டாள். அவனே அதை வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

கிரைண்டரில் மாட்டும் சாணைக்கல் வாங்கப் போனால் கடைக்காரருக்குத் தலைவலிதான். சின்ன செயினுக்கு மெல்லிய கல், பெரிய செயினுக்குத் தடித்த கல், அதில் அரை மில்லி கூடக் குறைய இருந்தாலும் வேண்டாம் என்பாள். கல் ரொம்பக் கெட்டியாக இருந்தால் பல் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். அப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. நடுவில் ஒட்டிய தாளில், கல் எவ்வளவு வேகம் தாங்கும் என்று போட்டிருப்பதைப் படிப்பாள். அது தன் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் கையாலும் தொடமாட்டாள். கடைசியாகக் கல்லை விரலில் மாட்டித் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டிக் காது கொடுப்பாள். நல்ல கல் ‘ணங்’கென்று சொல்லும்.

அன்று கணவனை மருத்துவரிடம் கூட்டிப்போகும் அவசரம். மூன்று கற்களைத் தட்டிப் பார்க்காமலே வாங்கி வந்துவிட்டாள். வீட்டில் தட்டியபோது இரண்டு பாடின. மூன்றாவது ‘டப்’ என்றது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கட்டைவிரலால் தடவினாள். ஒரு கீறலும் தெரியவில்லை. மறுபடி தட்டினாள். அதே ‘டப்’.

உள்ளே விரிசல் இருந்தால்தான் கல் இப்படிச் சொல்லும்; ஓடும்போது வெடித்துச் சிதறும். அதை அந்த நிமிடமே உடைத்துப் போடுவதுதான் முறை. ஆனால் கடைக்காரர் போனில், முழுசாகக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன் என்றார். சுவர்ப்பலகையின் மேல்தட்டில் வைத்தாள். மேலே பெருக்கல் குறி போடலாமென்று நினைத்தாள். சாக்குக்கட்டி கைக்கு அகப்படவில்லை. நாளைக்குப் போகலாம் என்றது பதினொரு நாளாக இழுத்தது. அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் கண் முதலில் மேல்தட்டுக்குத்தான் போகும். இளஞ்சிவப்பாக, புத்தம் புதுசாக, ஒரு பாவமும் அறியாததுபோல் இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் மதியம் அவள் வெளியே போய்த் திரும்பியபோது மேல்தட்டு காலி. கணவனிடம் கேட்டாள்.

“தம்பி வந்தான். அவன் கல்லு தேஞ்சுபோச்சாம். மேல புதுசா ஒண்ணு இருந்துச்சு, எடுத்துக் குடுத்தேன்.”

“எப்ப?”

“அரை மணி இருக்கும்.”

கொழுந்தனும் மரம் வெட்டுகிறவன். அண்ணியிடம் செயின் கொடுத்துக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் போன மாதம்தான் சொந்தமாக ஒரு கிரைண்டர் வாங்கியிருந்தான். அவனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. செருப்பைக்கூடத் தேடாமல் அவன் வீட்டுக்கு ஓடினாள். மூன்றாவது தெருவின் திருப்பத்திலேயே சத்தம் கேட்டது. ஓடும் கல்லின் ஒரே சீரான இரைச்சல், பல்லில் படும்போது மட்டும் கொஞ்சம் கம்மும், விட்டதும் மறுபடி ஏறும். ஒவ்வொரு தடவை கம்மும்போதும் அவள் இன்னும் வேகமாக ஓடினாள்.

வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓரகத்தி, என்னக்கா இப்படி மூச்சு வாங்குது என்று கேட்கும்போதே அவளைத் தாண்டிப் போய்விட்டாள். பக்கத்து அறையின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இரண்டு கையாலும் தட்டினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காதில் கவசம் மாட்டியிருப்பவனுக்கு எங்கே கேட்கப்போகிறது. கதவுக்கு நேர் எதிரில்தான் மெஷின் இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விலகினாள். சுவரில் மின்சாரப் பெட்டி இருந்தது. மெயினை இழுத்துவிட்டாள்.

இரைச்சல் உடனே நிற்கவில்லை; இறங்கியது. பாதி இறங்கும்போது, ஓடு விழுந்து நொறுங்கியதுபோல ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் அவளுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

கொழுந்தனுக்குக் கன்னத்திலிருந்து காதுவரை கிழிந்திருந்தது. பதினாலு தையல். கண் தப்பியது. இன்னொரு துண்டு கதவுப் பலகையில், அவள் நின்ற இடத்தில், நெஞ்சு உயரத்தில் பதிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவன் பேசினான். குரல் உயர்த்தவில்லை.

“கல்லு நல்லாத்தான் ஓடுச்சு அண்ணி. ஒரு செயின் முழுசா தீட்டி முடிச்சுட்டேன். நீங்க கரண்ட நிறுத்தினதும் ரூம் இருட்டாயிடுச்சு, கல்லு பல்லுல சிக்கிடுச்சு. அதனாலதான்.”

தட்டிப் பார்த்ததை அவள் சொன்னாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் சொன்னது நடக்காத காரியமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

ஓரகத்தியிடம் கேட்டு உடைந்த துண்டுகளை வாங்கி வந்தாள். செய்தித்தாளில் பரப்பி ஒன்றோடொன்று பொருத்தினாள். எல்லா விளிம்புகளும் வெளுப்பாக, புதிதாக இருந்தன. ஒன்றில் மட்டும் கால்வாசி நீளத்துக்கு அழுக்கேறிய பழுப்பு. பழைய விரிசல். கடைக்கு வருவதற்கு முன்பே விழுந்தது.

கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

“இத அவன்கிட்ட காட்டாத.”

“ஏன்?”

“கல்ல எடுத்துக் குடுத்தது நானு. எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். கரண்ட நிறுத்தினதாலதான்னே இருந்துட்டுப் போகட்டும்.”

அவன் துண்டுகளைத் தாளோடு மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனான். எங்கே போட்டான் என்று அவள் கேட்கவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்தன் வருகிறான். சிரித்தால் வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறுகிறது. முன்னறையில் அண்ணனும் தம்பியும் பழைய கதை பேசுவார்கள். அவள் தேநீர் வைத்தால், கொழுந்தன் தம்ளரைப் பார்த்துத் தலையாட்டுவான், அவளைப் பார்க்கமாட்டான். அவன் செயின்கள் மட்டும் ஓரகத்தி கையில் தவறாமல் வந்து சேர்கின்றன, பட்டையில் பேர் எழுதாமல்.

அவள் அவற்றை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போவாள். கிரைண்டரைப் போட்டுவிட்டு, கல் முழு வேகம் எடுக்கும்வரை ஓரமாக ஒதுங்கி நிற்பாள். முன்னறையில் இருவரும் சிரிப்பது அந்த இரைச்சலில் மெல்ல மெல்லக் கேட்காமல் போகும்.