தள்ளிப்போட்ட ரீசார்ஜ்

டெஸ்டிங் அக்காவிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன். பின்மூடி உடைந்துபோனதால் தலைமுடிக்குப் போடும் கறுப்பு ரப்பர் பேண்டைச் சுற்றி இறுக்கியிருப்பாள். கம்பெனிக்குள் போன் கூடாது. காலையில் லாக்கரில் வைக்கும்போது அந்த ரப்பர் பேண்டை ஒருமுறை சுண்டிவிட்டு, "பத்திரமா இரு" என்பாள். நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்க மாட்டாள்.

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகே, கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி அது. நாங்கள் கட்டிய வயரில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் விட்டுப் போனதும் மகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அண்ணன் வாயே திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து அண்ணி திறப்பாள். அக்கா குளிக்கப் போனால் மோட்டார் சுவிட்சை அணைப்பாள். பத்தாவது படிக்கும் அக்கா மகள், டிவி ஓடும் கூடத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படித்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும், அக்கா கேட்டது அவ்வளவுதான். அதற்கு வீட்டு அட்வான்ஸ் சேர்க்க வேண்டியிருந்தது.

எங்கள் சம்பளத்தில் பெரிதாகக் குறைக்க என்ன இருக்கிறது? சில்லறைச் செலவில்தான் கை வைத்தாள். ஷேர் ஆட்டோ கிடையாது. மெயின் ரோட்டிலிருந்து வீடு வரை நடைதான். கடை டீ கிடையாது. யாராவது தண்ணீர் பாட்டில் வாங்கினால் அவளுக்கு வயிறு எரியும். ஒரு ஷாம்பூ பாக்கெட்டில் தாயும் மகளும் தலை குளித்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ரீசார்ஜ். இருபத்தெட்டு நாளில் பேக் முடிந்ததும் போட மாட்டாள், ஒரு வாரம் தள்ளிப்போடுவாள். "அவன் மாசம்னா இருபத்தெட்டு நாளுன்றான். நம்ம சம்பளம் இன்னா அப்டியா வருது? வர்ற வரிக்கும் அவனும் காத்துகினு இருக்கட்டும்" என்பாள். வயர் கட்டும் லைனில் எல்லோரும் அவளைக் கஞ்சப்பிசினாரி என்றார்கள். எனக்கு மட்டும் அவளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். எதற்காக இப்படி இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு வீடு அமைந்தது. ஒரே அறை, சமையல் மேடை, தனிக் குளியலறை. இருப்பவர்கள் காலி செய்ததும் போன் செய்வேன், முதலில் வந்து அட்வான்ஸ் தருகிறவர்களுக்குத்தான் சாவி என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருந்தார். அட்வான்ஸ் கச்சிதமாகச் சேர்ந்திருந்தது. அந்த வாரம் பார்த்து அக்காவின் போனில் வெளியிலிருந்து வரும் அழைப்பும் நின்றுவிட்டது. சம்பளத்துக்கு நான்கு நாள் இருந்தது. அட்வான்ஸில் கை வைத்தால் குறைந்துவிடுமே என்று ரீசார்ஜ் போடாமல், வீட்டுக்கார அம்மாவிடம் என் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். என்னிடம் சொன்னபோது சரிக்கா என்று தலையாட்டினேன்.

என் பேக்கும் அப்போது முடிந்திருந்தது. அவளைப் பார்த்து அந்த மாதம்தான் முதல்முறையாக நானும் தள்ளிப்போட்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். பேக் முடிந்தாலும் சில நாள் வரை அழைப்பு வரும், அக்கா போனில் அப்படித்தானே வந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவள் சிம் வேறு, என் சிம் வேறு என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

சம்பளம் வந்த அன்று வேலை முடிந்து நேராக அந்தத் தெருவுக்குப் போனோம். வாசலில் யாரோ ஒரு குழந்தையின் சைக்கிள் நின்றது. முந்தின நாள்தான் குடிவந்தார்களாம். "ரெண்டு நம்பருக்கும் எத்தினி வாட்டி போட்டேன் தெரியுமா? போவவே இல்ல. வேணாம்னு வுட்டுட்டீங்கன்னு நெனச்சிகினேன்" என்றார் வீட்டுக்கார அம்மா. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னேன். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவள் அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லைன்ல ஒருத்தரும் என் பேச்ச கேட்டதில்ல. நீ ஒருத்தி கேட்டுகீற" என்றாள்.

அன்றும் நடந்தேதான் போனோம்.

அதன் பிறகு அட்வான்ஸும் வாடகையும் அவளால் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் ஏறின. சேர்த்ததெல்லாம் மகளின் படிப்புக்குப் போனது. மகள் அந்தக் கூடத்திலேயே படித்து முடித்து, வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். நான் கல்யாணமாகிக் கோவளம் பக்கம் வந்தேன். என் வீட்டில் தாழ்ப்பாள் இருக்கிறது. அதைப் போடும்போதெல்லாம் எனக்குக் குற்றவுணர்வு வரும்.

போன மாதம் அவளைக் கூப்பிட்டேன். அழைப்பு போகவில்லை. நானே அவள் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டேன். மறுநாள் அவளே பேசினாள். அதே போன்தானாம், ரப்பர் பேண்டை மட்டும் மாற்றினாளாம். எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அவள் பேச்சுக்கு நடுவே டிவி அலறிக்கொண்டிருந்தது.

"எதுக்குடி துட்ட வேஸ்ட் பண்ற? இனிமே யாரு என்ன கூப்ட போறாங்க" என்றாள்.

அந்த பேக் முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அடுத்ததை இன்றே போட்டுவிட்டேன்.