பம்புசெட்டில் தண்ணீர் குடித்தவர்

குரும்பகரத்தில் என் வயலை ஒட்டி எண்ணெய்க் கிணறு தோண்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் அவர். நரைத்த புருவம், வெயிலில் சிவந்த கழுத்து. ரஷ்யாக்காரர் என்று யாராவது சொன்னால் தலையாட்டி மறுத்து, "பாகு, பாகு" என்று, மாஸ்கோ ஆட்சிக்குக் கீழே இருந்த தன் எண்ணெய் ஊரின் பெயரைச் சொல்லி நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். வேலை முடிந்ததும் என் பம்புசெட்டில் இரு கையாலும் அள்ளி வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பார்.

அடுத்த கிணற்றுக்கு என் நிலத்தில் பாதியை எண்ணெய்க் கம்பெனியில் கேட்டார்கள். கூச்சத்தை விட்டு அவரிடமே, "கொடுக்கலாங்களா?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். "ஊரே செழிக்கப் போவுதுங்கிறாருங்க. தைரியமா கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அன்றோடு அவர் தண்ணீர் குடிக்க வருவதை நிறுத்திவிட்டார்.

எண்ணெய் லாரி லாரியாகப் போனது. என் பம்புசெட் தண்ணீரில் எண்ணெய் வாடை, மாடுகூடக் குடிப்பதில்லை. பிறகொரு நாள் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, அன்று அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'எங்க ஊரு எண்ணெயெல்லாம் மாஸ்கோவுக்குப் போச்சு, எங்களுக்குக் குடிக்கத் தண்ணியில்ல, நிலத்தைக் குடுக்காதீங்க'ன்னு கெஞ்சுனாருங்க. அதைச் சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும்."

இவ்வளவு சொல்லியும் கையெழுத்துப் போட்டானே என்று, அந்த மனிதர் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்?