பதினோராம் காரியம்: விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நடை

சென்ற தை மாதம், யுத்தத்தின் நான்காம் வருடத்தில், என் அறுபத்து மூன்றாம் வயதில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நடந்து போனேன். தூரம் இருபத்து மூன்று மைல். ரெயிலில் மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஏழணாதான். பின் ஏன் நடந்தீர் என்று கேட்பீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இருபத்தைந்தாம் வயதில், ஆயுளுக்குள் செய்து முடிக்க வேண்டியவை என்று இருபத்து நான்கு காரியங்களை ஒரு நோட்டில் எழுதினேன். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன், எதையும் எண்ணாமல் விட மாட்டேன். ஒவ்வொரு தை முதல் தேதியும் நோட்டைப் பிரித்து, முடிந்ததற்கு ஒரு குறியும் பாதி முடிந்ததற்கு அரை வட்டமும் போடுவேன். இதுவரை பதின்மூன்று குறிகள், நான்கு அரை வட்டங்கள். நீச்சல் அரை வட்டத்திலேயே நிற்கிறது. கிணற்றுப் படியிலிருந்து கையை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

பதினோராம் காரியம், ஒரே நாளில் இந்த நடை. முப்பத்தொன்றாம் வயதிலேயே அதற்குக் குறி போட்டாயிற்று. ஆனால் அன்று கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் கால் கொப்பளித்து, ஒரு வைக்கோல் வண்டியில் ஏறி மூன்று மைல் போனேன். வீட்டுக்கு வந்து அரை வட்டம் போடாமல் முழுக் குறியே போட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்? முப்பத்திரண்டு வருடங்களாக அந்த வரி வரும்போதெல்லாம் கண்ணை அடுத்த வரிக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். முழங்கால் அடுத்த தைக்குத் தாங்குமா என்ற பயம் வந்ததால் இந்த வருடமே கிளம்பினேன்.

காலை நாலரை மணிக்கு விழுப்புரம் ஸ்டேஷன் வாசலிலிருந்து புறப்பட்டேன். கையில் தடி, துண்டில் நான்கு இட்லி, சட்டைப் பையில் அந்த நோட்டு. பெட்ரோல் தட்டுப்பாட்டால் சாலையில் கரிப்புகையில் ஓடும் பஸ் ஒன்றிரண்டுதான். மைல் கற்களில் ஊர்ப் பெயர்களைத் தார் பூசி மறைத்திருந்தார்கள். எதிரி வந்தால் வழி தெரியக் கூடாதாம். எனக்குப் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். இம்முறை பிழை நேரக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு கல்லையும் கையால் தொட்டு, மணியை நோட்டில் எழுதினேன். எட்டாம் கல், விக்கிரவாண்டி, எட்டு மணி பத்து நிமிஷம். அங்கே காப்பி ஓரணா, சுமார்தான்.

பதினேழாம் கல் கூட்டேரிப்பட்டை ஒட்டியிருந்தது. மணி ஒன்று. கல்லுக்கு அருகே புளிய மரத்தடியில் ஒரு பெண் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டிருந்தாள். நான் கல்லைத் தொட்டு எழுதுவதைப் பார்த்தாள்.

"இன்னா தாத்தா, கல்லைத் தடவித் தடவி இன்னாத்தை எழுதிக்கினு வர்றீங்க?"

"எத்தனை மைல் வந்தேன்னு குறிச்சுக்கறேன் அம்மா."

"யாருக்கு அனுப்ப?"

"எனக்கேதான்."

"தனக்குத் தானே காயிதம் எழுதறவரை இப்பதான் பாக்கறேன்" என்று சிரித்தாள்.

அவளிடம் மல்லாட்டை வாங்கிக்கொண்டிருந்த வண்டிக்காரன் ஒருவன் சிரிக்கவில்லை. "ஜப்பான்காரனுக்கு வழி எழுதறான்டா கிழவன்! புடிங்க!" என்று கத்தினான்.

"இந்தக் கிழத்தை நம்பி வர்ற ஜப்பான்காரன் ஊடு போய்ச் சேர மாட்டான், போய்யா" என்றாள் அவள்.

ஆனால் அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். என்னைக் கிராம முன்சீப்பின் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். சிறையைவிட, நடை நின்றுவிடுமே என்பதுதான் மனத்தில் இருந்தது.

முன்சீப் நோட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பட்டியலை எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார். நீச்சலுக்குச் சிரித்தார்கள். பதினோராம் வரியில் அவர் விரல் நின்றது.

"வாத்தியாரே, திண்டிவனம் நடந்தாச்சுன்னு இங்கயே குறி இருக்குதே. மை பழுத்துப் போயிருக்குது. முடிஞ்ச வேலைக்கு இன்னிக்கி எதுக்குங்க கல்லு கல்லா எண்ணிக்கினு வர்றீங்க?"

பதில் ஒன்றுதான் இருந்தது. என் மனைவியிடம்கூடச் சொல்லாதது அது.

"அந்தக் குறி பொய்யுங்க. வண்டியிலே ஏறினேன்."

தலையாரி முனுசாமி, "இதுக்கா இம்மாம் பேஜாரு!" என்றார். முன்சீப் நோட்டை மூடினார். என்னை நம்புவதாகவும், ஆனாலும் யுத்த காலமாதலால் திண்டிவனம் சப்-இன்ஸ்பெக்டர் பார்த்தே ஆகவேண்டும் என்றும் சொல்லி வண்டி கட்டச் சொன்னார்.

"ஏறுங்க, வாத்தியாரே."

"வண்டிக்குப் பின்னாலே நடந்து வர்றேனுங்க. பிடிச்ச இடத்திலேருந்தே."

மூன்று மணி பத்து நிமிஷத்துக்குப் பதினேழாம் கல்லருகிலிருந்து மறுபடி புறப்பட்டோம். காவலுக்கு வந்த முனுசாமி வண்டியில் உட்கார்ந்திருந்தார். பிடிபட்ட நான் பின்னால் நடந்தேன். எதிரே வந்தவர்கள் என்னைத் திருடன் என்றே நினைத்திருப்பார்கள். இருபத்தோராம் கல்லுக்கு அப்பால் முழங்கால் மடங்கி, வண்டியின் பின்கட்டையைப் பிடித்துவிட்டேன். அப்படியே ஏழெட்டு அடி இழுபட்டுப் போயிருப்பேன். உடனே விட்டுவிட்டு, பிடித்த இடத்துக்குத் திரும்பிப் போனேன்.

"இன்னா சாமி, வந்த வழியே போறீங்க?"

"அந்த எட்டு அடி உங்க மாடு நடந்தது."

முனுசாமி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். அங்கிருந்து என்னோடுகூட நடந்து வந்தார்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் திண்டிவனம் சேர்ந்தோம். சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். பட்டியலைத் திருப்பித் தந்தார். மைல் கற்களும் மணியும் எழுதிய பக்கங்களை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டார். அவை சர்க்கார் உத்தரவுக்கு விரோதமாம்.

ரெயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் நோட்டைப் பிரித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். நடந்ததற்கு ஒரு சான்றும் கையில் இல்லை. என் வார்த்தை மட்டும்தான், அதுவும் இதே வரியில் ஒருமுறை பொய்த்துப் போனது. பழைய குறியை அடித்தேன். அதன் பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டேன். கோணலாக விழுந்தது. திருத்தவில்லை.

இந்த நடையை மேற்கொள்ள நினைப்பவர்கள் மாசிக்கு முன்பே போய்விட வேண்டும். விக்கிரவாண்டிக்கு அப்பால் நிழல் குறைவு. தண்ணீர் கையில் இருக்கட்டும். திரும்ப ரெயில் உண்டு. யுத்தம் முடியும்வரை நோட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். யாராவது வழிமறித்துக் கேட்டால், "பொண்ணைக் கட்டிக் குடுத்த ஊருக்குப் போறேன்னு சொன்னா விட்டுடுவாங்க" என்பது முனுசாமியின் யோசனை. அது பலிக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை.