பூக்கட்டிப் பார்த்த பங்குகள்

காமயகவுண்டன்பட்டியில் ஈஸ்வரபாண்டிக்குத் திராட்சை தெரியும். அது ஒன்றுதான் தெரியும் என்பாள் அவர் மனைவி சோணையம்மாள். அடுத்தவர் தோட்டத்துப் பந்தலுக்கடியில் குனிந்து ஒரு நடை போய் வந்தால் போதும், எவ்வளவு காய் இறங்கும், என்ன விலைக்குப் பேசலாம் என்று கேரளா வியாபாரிக்குச் சொல்லிவிடுவார். தரகு வேலைக்கு அந்தக் கண் போதும். சொந்தமாக இருந்த ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைக்கு மட்டும் போதவில்லை. வெட்டுகிற வாரம் பார்த்து மழை கொட்டும், பழம் வெடித்து வாசலிலேயே புளித்துப்போகும். மழை பெய்யாத வருடம் கிணறு கைவிட்டுவிடும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். இவர் கணக்குப் பார்ப்பதையே விட்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் பங்குச் சந்தைக்குள் போனதற்குக் காரணம் அவருடைய ஒரே மகன் சுருளிவேல். பட்டாளத்தில் சேர்ந்து, இரண்டாயிரமாவது வருடம் லீவில் வந்தவன், மழையில் வெடித்த பழத்தைக் கூடை கூடையாய்க் கொட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"எங்களுக்குச் சாமான் செஞ்சு குடுக்கிற கம்பெனிக்காரன்தாம்ப்பா ராசா. மழ பேஞ்சா என்ன, வெயிலடிச்சா என்ன, பீரங்கிக் குண்டு அழுகியா போகும்?"

விளையாட்டுக்குச் சொன்ன பேச்சு. ஆனால் கை நிறைய அழுகல் பழத்தோடு நிற்கிறவனுக்கு அது வேதவாக்காகிவிட்டது. மகன் ரயிலேறிய மறுவாரம் டவுன் பஸ் பிடித்துக் கம்பம் போனார். அங்கே உரக்கடை மாடியில் கம்ப்யூட்டர் வைத்துப் பங்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்த விஜயகுமார் அவருக்கு மாப்பிள்ளை முறை. அந்தச் சமயம் ஊரே கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"பட்டாளத்துக்குச் சாமான் செய்றாகளே, அந்த மாதிரிக் கம்பெனி ஏதாச்சும் இருக்கா மாப்ள?"

இருந்தது. வடக்கே ஏதோ ஒரு ஊரில் பீரங்கிக் குண்டுக்கு உறை வார்க்கிற கம்பெனி. லாரிக்கு ஸ்பிரிங்கும் செய்தார்கள். போர்வெல் போடுவதற்காக மூன்று வருடமாகச் சேர்த்திருந்த பணம் முழுவதையும் அதில் போட்டார். பங்கு ஒன்று அறுபத்திரண்டு ரூபாய். வீட்டில் சோணையம்மாளிடம் ஸ்பிரிங்கை மட்டும் சொன்னார். குண்டைச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் சந்தை மொத்தமாகச் சரிந்தது. அறுபத்திரண்டு முப்பதுக்கு வந்து நின்றது. அழுகாது என்றுதானே வாங்கினோம், இது நின்ற இடத்திலேயே அழுகுகிறதே என்று அவருக்கு ஆயாசமாக இருந்தது. விற்றால் பாதிப் போர்வெல்லுக்குக்கூடக் காணாது. விற்காமல் இருந்தார். கிணறு இறங்கிக்கொண்டே போனது.

அந்த வருடக் கடைசியில் டில்லியில் பாராளுமன்றத்தைத் தாக்கினார்கள். பட்டாளம் மொத்தமும் எல்லைக்கு நகர்ந்தது. சுருளிவேல் ராஜஸ்தான் மணலில் இருந்து பக்கத்து வீட்டுப் போனுக்குப் பேசினான். "நல்லாத்தான் இருக்கேன்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. போனை வைத்த சோணையம்மாள் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. படுப்பாள், எழுந்து உட்காருவாள், வாசலுக்குப் போய்விட்டு வருவாள்.

ஈஸ்வரபாண்டி தினமும் காலையில் டீக்கடையில் பேப்பர் பார்ப்பார். முன்பக்கத்தில் எல்லைச் செய்தி, பின்பக்கத்தில் பங்கு விலை. முன்பக்கம் சூடாக இருக்கிற நாளில் பின்பக்கத்தில் அவருடைய கம்பெனி ஏறியிருக்கும். முன்பக்கம் ஆறினால் பின்பக்கமும் ஆறிவிடும். ஒரே கல்தூணில் ஏறிய இரண்டு கொடி மாதிரி இருந்தது. முதலில் முன்பக்கத்தைத்தான் படித்தார். பங்குனி வாக்கில் பேப்பரை வாங்கியதும் நேரே பின்பக்கத்தைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார். எப்போது மாறினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கெட்ட மனிதரில்லை. மகன்மேல் உயிரையே வைத்திருந்தார். பந்தலும் கண்ணெதிரில் காய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சித்திரையில் வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்குச் சோணையம்மாள் மஞ்சள் சேலை கட்டி, மகனுக்காக அக்கினிச் சட்டி எடுத்தாள். சண்டை வரக்கூடாது ஆத்தா, பிள்ளை முழுசாக வரணும் ஆத்தா என்று வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டன. கூட நடந்த ஈஸ்வரபாண்டியும் அதைத்தான் வேண்டினார். அதில் பொய்யில்லை.

திருவிழா முடிந்து சில நாளில் காஷ்மீரில் பட்டாளத்துக்காரர்களின் குடும்பங்களைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இனி சண்டைதான் என்று நாடே பேசியது. பங்கு ஐம்பத்தைந்தைத் தொட்டது.

"இப்ப வித்துராதீக மாமா" என்றான் விஜயகுமார். "இன்னும் பத்து நாளு பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க. சண்ட மட்டும் வந்துருச்சு, நூறைத் தாண்டிரும்."

"வராட்டி?"

"வராட்டி பழையபடி முப்பதுதான்."

நூறு என்றால் போர்வெல்லுக்கும் மோட்டாருக்கும் போக, பந்தல் கம்பியும் மாற்றலாம். முப்பது என்றால் தோட்டத்தை மறந்துவிடலாம். இந்த மாதிரி முடிச்சு விழுந்தால் அந்தப் பக்கத்தில் யாரும் ஜோசியரிடம் போக மாட்டார்கள், பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவது. கேள்வியை மனசுக்குள் கேட்க வேண்டும், யாரிடமும் சொல்லக்கூடாது. பூசாரி கண்ணை மூடி எடுக்கிற பொட்டலத்தில் வெள்ளை இருந்தால் ஆமாம், சிவப்பு இருந்தால் இல்லை. பெண் கொடுக்க, கிணறு வெட்ட, கோர்ட்டுக்குப் போக, எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஈஸ்வரபாண்டி ஊர்க் காளியம்மன் கோவிலில் போய் நின்றார். விற்கலாமா என்று கேட்கத்தான் போனார். அங்கே நின்றபோது, அம்மனுக்குப் பங்கு விலை என்ன தெரியும் என்று தோன்றியது. தரகர் புத்தி, சுற்றி வளைக்காமல் நேரே கேட்டுவிட்டார். சண்டை வருமா ஆத்தா?

பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை இருந்தது.

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. எத்தனையோ மாதமாக இறுகிக் கிடந்த தோள் இரண்டும் இறங்கின. வரும் வழியெல்லாம் எத்தனை அடி இறக்கலாம், எந்த மூலையில் போர் போடலாம் என்று யோசித்துக்கொண்டு, சின்னப் பையனைப் போல வேகமாக நடந்து வந்தார்.

வாசலில் நின்ற சோணையம்மாள் அவர் கையில் இருந்த பூவைப் பார்த்தாள்.

"பூக் கேக்கவா போயிருந்தீக? எங்கிட்டச் சொல்லவேயில்ல!" என்றவள், பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வெள்ளையா குடுத்துருக்கா? எம்பிள்ள வந்துருவான். இனி எனக்கு ஒண்ணுமில்லங்க. இன்னிக்குத்தான் தூங்கப் போறேன்."

மத்தியான நேரத்தில், சோறுகூடத் தின்னாமல், வெறுந்தரையில் தலைமாட்டில் அந்தப் பூவை வைத்துக்கொண்டு சோணையம்மாள் தூங்கிப்போனாள். கொப்பளம் ஆறாத கைகள் இரண்டும் விரிந்து கிடந்தன. ஈஸ்வரபாண்டி சுவரில் சாய்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தான் என்ன கேட்டோம், எதற்குச் சந்தோஷப்பட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. பெற்ற மகனை மணலில் நிறுத்தி வைத்துவிட்டுச் சண்டை வருமா என்று கேட்டு, வரும் என்றதும் துள்ளி வந்திருக்கிறார். தன்னைத் தானே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

மறுநாள் காலை உரக்கடை மாடி ஏறி ஒரு பங்கு மிச்சமில்லாமல் விற்கச் சொன்னார். விஜயகுமார் தலையில் அடித்துக்கொண்டான். அடுத்த வாரமே விலை எழுபதைத் தாண்டியபோது, பொறுக்கத் தெரியாத மனுசன் என்று டீக்கடையில் பரிதாபப்பட்டார்கள். ஆனியில் எல்லை ஆறியது. விலை முப்பதுக்குக் கீழே விழுந்தது. ஆளு மூளைக்காரர்ப்பா, உச்சத்தை ஒட்டி இறங்கிட்டாரு என்று அதே டீக்கடையில் பேசினார்கள். அந்த மாடிப்படியை அப்புறம் அவர் மிதிக்கவே இல்லை. வந்த பணத்தில் ஆழம் குறைந்த ஒரு போர் போட்டார். தண்ணீர் வந்தது, பாதிப் பந்தலுக்கு. மீதியை அந்தக் கோடையோடு வெட்டிப் போட வேண்டியதாகிவிட்டது.

சண்டை வராமலே பட்டாளம் திரும்பியது. மார்கழியில் சுருளிவேல் லீவில் வந்தான். கறுத்து, கன்னம் ஒட்டி, பேச்சு பாதியாய்க் குறைந்து வந்திருந்தான். சோணையம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்து அப்பனுக்கும் மகனுக்கும் சேர்த்துப் பரிமாறினாள்.

"அங்கன ரொம்பப் பயமா இருந்துச்சாடா?" என்று கேட்டாள்.

"பயமெல்லாம் இல்லம்மா, சலிப்பு" என்றான். "பத்து மாசமும் ஒரே மணலு. கண்ணிவெடியப் பொதைக்கச் சொன்னாக, பொதச்சோம். பெறகு அதையே தோண்டி எடுக்கச் சொன்னாக. அதுல எங்க ஆளுக ரெண்டு பேருக்குக் கால் போச்சு. இப்பிடிக் கெடக்கிறதுக்கு, சண்ட வந்து ஒரேடியா முடிஞ்சாத் தேவலன்னு ஆயிருச்சு. சாமிகிட்ட அதத்தான் கேட்டேன். சண்டய வரவிடு, எப்பிடியோ வீட்டுக்குப் போறோம்னு."

சோணையம்மாளின் கையில் அகப்பை அப்படியே நின்றது. பிறகு சிரித்துவிட்டாள்.

"போடா கூறுகெட்டவனே. நீ ஒருத்தன் கேட்டு என்னத்துக்கு ஆகும்? நான் சட்டி எடுத்தேன், உங்கப்பா பூக் கேட்டாக. இங்கன நாங்க ரெண்டு பேரு வேணாம்னு கேட்டம்ல? ரெண்டு பேரு பேச்சத்தான் ஆத்தா எடுத்துக்கிட்டா."

ஈஸ்வரபாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரெண்டு பேர்தான், ஆனால் எந்தப் பக்கம் என்று அவருக்கு மட்டுமே தெரியும். சொல்லிவிடலாமா என்று நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பாதிதான் வாயில் வந்தது.

"இல்ல சோணை. நீ ஒருத்தி கேட்டதுதான்."

சோணையம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "கேட்டுக்கடா" என்றாள் மகனிடம். "கல்யாணமாகி இத்தன வருசத்துல உங்கப்பா என்னயப் பெருமையாச் சொல்லி இன்னிக்குத்தான் கேக்குறேன்."

அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல் ஈஸ்வரபாண்டி அதையும் சாப்பிட்டார்.