போருக்கு ஒரு நன்னடத்தைச் சான்று

1. கேட்காத இணைப்பு

போருக்குப் போவதற்காக பிரிட்டோ என்னிடம் நன்னடத்தைச் சான்று கேட்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கேட்கும்போது போர் என்று சொல்லவில்லை. "வெளிநாட்டு வேலை சார்" என்றான்.

நான் சிவில் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். தாக்கலாகும் பிராதுகளைச் சரிபார்ப்பது என் வேலை. குறை இருந்தால் காரணம் எழுதித் திருப்பிக் கொடுப்பேன், அதற்குப் பெயர் ரிட்டர்ன். இல்லையென்றால் வழக்காகப் பதிவு செய்து நம்பர் போடுவேன். வக்கீல்களுக்கு என்னைப் பிடித்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு வீட்டுச் சமையலுக்கும் ரிட்டர்ன் போட ஆரம்பித்தேன். என் மனைவி பங்குச் சாமியாரிடம் பேசி, கோயில் அலுவலகத்தில் என்னை உட்கார வைத்துவிட்டாள். ஞானஸ்நானச் சான்று, திருமண ஓலை, நன்னடத்தைச் சான்று இவ்வளவுதான் வேலை. காலையில் மூன்று மணி நேரம்.

பிரிட்டோவுக்கு வயது இருபத்தொன்பது. கன்னிவாடிப் பக்கத்துக் காய்கறியை திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கொண்டுவரும் லோடு வண்டி ஓட்டுகிறான். விண்ணப்பத்தோடு, நான் கேட்காமலே, வேலை ஒப்பந்தத்தையும் பின் அடித்துக் கொடுத்தான். பின் அடித்த தாளைப் படிக்காமல் என்னால் இருக்க முடியாது. பிறமொழியில் இரண்டு பக்கம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டு பக்கம். வேலையின் தன்மை என்ற இடத்தில் 'போர்முனைப் பகுதியில் ஆதரவுப் பணி' என்று இருந்தது. ஒன்பதாவது ஷரத்து, தேவைப்பட்டால் எந்தப் பணிக்கும் மாற்றலாம் என்றது.

நாட்டின் பெயரைப் பார்த்ததும் புரிந்தது, டிவியில் தினமும் காட்டும் போர் அது. பனி கொட்டும் ஊர். ஏமாந்துவிட்டான் என்று நினைத்து மெதுவாக விளக்கினேன். அவன் ஏமாறவில்லை.

"தெரியும் சார். சண்டைதான். ஆனா நியாயமான சண்டை. அங்க சர்ச்செல்லாம் இடிக்கிறாய்ங்களாம், அதக் காப்பாத்தத்தான் ஆள் எடுக்குறாங்கன்னு ஏஜென்ட்டு சொன்னாரு. நம்ம ஜெரால்டுக்குப் போன மாசம் சான்று குடுத்தீங்கள்ல, அவன அனுப்புன அதே ஏஜென்ட்டுதான்."

ஜெரால்டுக்கும் நான்தான் கொடுத்திருந்தேன். அவனும் வெளிநாட்டு வேலை என்று எழுதியிருந்தான். ஒப்பந்தத்தை இணைக்கவில்லை. இணைக்கச் சொல்ல வேண்டும் என்று விதியும் இல்லை. முத்திரை குத்தி, நல்லபடியாகப் போய்வா என்று அனுப்பினேன்.

பிரிட்டோவை உட்காரச் சொல்லிவிட்டு, முத்திரையை டிராயரில் வைத்துப் பூட்டினேன். இந்த ஒன்று என் கையால் போகாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

2. தள்ளுபடி வேறு, ரிட்டர்ன் வேறு

சாமியாரை அழைத்தேன். இளையவர், நல்லவர், படிவங்களைக் கண்டால் முகம் சுளிப்பவர். ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எல்லாப் போரும் பாவம். கத்தியை எடுத்த சீடரை ஆண்டவர் தடுத்தார், அதற்கு அவர் விதிவிலக்கு எதுவும் வைக்கவில்லை என்றார்.

அந்த நேரத்தில் பங்குப் பேரவை நோட்டீஸ் வாங்க ஹவில்தார் சவரிமுத்து வந்து நின்றார். ராணுவத்தில் இருந்து எல்லையில் சண்டை பார்த்தவர், பிரிட்டோவுக்குச் சித்தப்பா முறை. பிரிட்டோ அவரைக் கைகாட்டினான்.

"அப்ப எங்க சித்தப்பா செஞ்சதும் பாவமா சாமி?"

ஹவில்தார் முகம் சிவந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒருவன் அடித்துக் கொல்லும்போது கைகட்டி நிற்பதுதான் வேதமா என்று கேட்டார். சாமியார் தன் நிலையில் இருந்தார், ஹவில்தார் தன் நிலையில் இருந்தார். இடையில் பிரிட்டோ எழுந்துகொண்டான்.

"நீங்க பேசி முடிங்க. நான் வத்தலக்குண்டுல என் மாமனார் பங்குக் கோயில்ல வாங்கிக்கிறேன்."

வாங்கிவிடுவான். கோர்ட்டில் நான் கற்றது இதுதான். தள்ளுபடி செய்த மனு அப்பீலுக்குப் போகும். ரிட்டர்ன் போட்ட மனு மனுதாரர் கையிலேயே இருக்கும், குறையை அவரே தேட வேண்டும்.

போரைப் பற்றித் திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் வைத்த நிபந்தனைகளைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். அரசர்கள் அவற்றை லைசென்ஸ் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவை பிராதைச் சரிபார்க்கும் பட்டியலாகத்தான் தெரிந்தன. ஒரு சீட்டில் ஐந்து கேள்விகளை எழுதினேன்.

ஒன்று, இந்தப் போரை நடத்த அதிகாரம் யாருக்கு, உனக்கு உத்தரவு போடப்போவது யார்? இரண்டு, யார் யாருக்குச் செய்த அநியாயத்துக்காக? மூன்று, வேறு வழி எல்லாம் முயன்று பார்த்தாகிவிட்டதா? நான்கு, நீ போவது எதற்காக? ஐந்து, நீ சுடும் இடத்தில் குடியிருப்பவர்கள் யார்?

கீழே, 'குறைகளை நிவர்த்தி செய்து ஏழு நாளுக்குள் மீண்டும் தாக்கல் செய்யவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பதில் எழுதிட்டு வந்தா குடுப்பீங்களா?" என்றான் பிரிட்டோ.

"எழுதிட்டு வா. பார்ப்போம்."

அவன் போனதும் சாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அஞ்சுக்கும் சரியா பதில் சொன்னா கொல்லப் போகலாமா சார்?"

"என் சர்வீஸ்ல முதல் தடவையே நம்பர் ஆன பிராத விரல் விட்டு எண்ணிரலாம் சாமி."

ஹவில்தார் சீட்டின் நகலை வாங்கி வெகுநேரம் படித்தார். நோட்டீஸை மறந்து வைத்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நான் போனப்ப முதக் கேள்விக்குப் பதில் இருந்துச்சு சார். அஞ்சாவதுக்கு இன்னைக்கி வரைக்கும் இல்ல."



3. மறுதாக்கல்

ஆறாம் நாள் பிரிட்டோ வந்தான். லோடு இறக்கிய சட்டையோடு நேராக வந்திருந்தான். சீட்டு மடித்து மடித்துக் கிழிந்திருந்தது. முதல் கேள்விக்கு எதிரே காலி. அதையெல்லாம் கேட்கக் கூடாது என்று ஏஜென்ட் சொல்லிவிட்டாராம். இரண்டாவதற்கு 'சர்ச்ச இடிச்சதுக்காக' என்று எழுதி அடித்திருந்தான். மூன்றாவதற்கு 'தெரியாது'. நான்காவதற்கு ஒரே வார்த்தை, 'சம்பளம்'. இவ்வளவு நேர்மையான பிராதை நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. போனை எடுத்து மேஜையில் வைத்தான்.

ஐந்தாவது கேள்விக்காக ஏஜென்ட்டை நச்சரித்திருக்கிறான். வாயை அடைக்க அவர் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார், நம் ஆட்கள் பிடிக்கப்போகும் ஊர் என்று. கூரை போன ஒரு கோயில். உள்ளே தலையில் முக்காடு போட்ட பெண்கள் நாலைந்து பேர் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பக்கமும் சர்ச்சுதான் சார் இருக்கு. யாருகிட்டருந்து யாரக் காப்பாத்தப் போறேன்னே புரியல. மூணு நாளா வண்டி ஓட்டையில இதான் ஓடுது."

நான் எதையும் விளக்கவில்லை. நிபந்தனைகள் தம் வேலையைச் செய்யும்போது இடையில் பேசக் கூடாது. போனைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "வாபஸ் எழுதிக்கங்க சார்" என்றான். விண்ணப்பத்தின் மேல் 'மனுதாரர் வாபஸ் பெற்றார்' என்று எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான். பிறகு அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து ஜெரால்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். ஒரு டிக் மட்டும் விழுந்தது, அவனுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குள் ஜெரால்டு போர் நடக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜெரால்டின் அம்மா ஞாயிறு பூசைக்கு வருகிறார். சான்று உடனே கொடுத்ததற்கு இன்னமும் எனக்கு நன்றி சொல்கிறார். அவன் விண்ணப்பத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் பலமுறை பார்த்துவிட்டேன். தேதி சரி, கையெழுத்து சரி, முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. நான் ஒரு விதியையும் மீறவில்லை.

இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு போர் நியாயமா அநியாயமா என்று பார்ப்பது மந்திரிகளின் வேலை, ஆயர்களின் வேலை என்று நானும் நினைத்திருந்தேன். அது ஒவ்வொரு ஆளாகப் பிரிந்து, கடைசியில் ஒரு குமாஸ்தாவின் மேஜைக்கு வருகிறது, வெளிநாட்டு வேலை என்ற பெயரில். முத்திரை யார் கையில் இருக்கிறதோ அவன் கேட்க வேண்டும், விதியில் இல்லாவிட்டாலும்.

அந்த ஐந்து கேள்விகளையும் நூறு நகல் எடுத்து டிராயரில், முத்திரைக்கு மேலே வைத்திருக்கிறேன். அதை எடுக்காமல் முத்திரையை எடுக்க முடியாது.