வக்கீலுக்காக வளர்ந்த தாடி

திங்கட்கிழமை என்றால் என் வீட்டுக்காரருக்கு வெளுத்த வேட்டி வேண்டும். மற்ற நாளெல்லாம் காட்டு மண் ஏறிய துண்டோடு திரிகிறவர், அன்று விடிந்ததும் அரப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு, தாடியைச் சீவி, வேட்டியை வெளிச்சத்தில் உதறிப் பார்ப்பார். ஓரத்தில் கறை தெரிந்தால் முகம் சுருங்கிவிடும். பிறகு ராசிபுரம் வரை நடந்து போய் நாமக்கல் பஸ்ஸைப் பிடிப்பார். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் அது. திரும்பி வரும்போது வேட்டி சாம்பல் நிறத்தில் இருக்கும்.

நாமக்கல் கோர்ட்டில் அவருக்கு வழக்கு ஏதும் கிடையாது. அங்கே ஒரு வக்கீல் இருந்தார். அவர் ஒரு நாளாவது தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் என் வீட்டுக்காரர் போனார்.

பங்காளி வீட்டு அக்கா, அவருடைய பெரியப்பா மகனின் மனைவி, வேலி ஓரத்தில் நின்று கேட்பாள்.

"ஏனம்மிணி, உங்கூட்டுக்காரரு கோர்ட்டுக்குப் போறாரா, சக்களத்தி ஊட்டுக்குப் போறாரா? மாப்பிள்ளையாட்டம் மினுக்கிக்கிட்டுப் போறாரு?"

நான் சிரித்து வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். எனக்கு எதிர்வாய் பேச வராது. ஆனால் அவள் சொன்ன அந்த ஒரு சொல் மாவாட்டும்போதும் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடும்போதும் கூடவே இருந்தது.

விஷயம் இதுதான். எங்களுக்கும் பெரியப்பா மகனுக்கும் ஒரே கிணறு. கிழமை பிரித்து முறை வைத்துக்கொண்டு எருது பூட்டித் தண்ணீர் இறைப்போம். அடுத்தவர் முறையன்று கிணற்று மேட்டில் கால் வைப்பது எங்கள் பக்கத்தில் கிடையாது. தாகம் எடுத்தால்கூட வேறு கிணற்றைத் தேடிப் போவோம். எங்கள் பண்ணையில் இருந்த ஆள் ஒருவர் எங்களை விட்டு அந்தப் பங்காளியிடம் வேலைக்குப் போய்விட்டார். அந்தக் கோபத்தில் என் வீட்டுக்காரர், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் புது வடக்கயிற்றை அந்த ஆள் திருடிவிட்டதாகப் போலீசில் எழுதிக் கொடுத்தார். கூண்டில் ஏறி, வெள்ளிக்கிழமை காலையில் நான் கிணற்று மேட்டில் எருது ஓட்டிக்கொண்டிருந்தேன், என் கண்ணால் பார்த்தேன் என்றார்.

அந்த ஆளுக்காக வந்த வக்கீல் சத்தம் போடவில்லையாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"வெள்ளிக்கிழமை கெணறு யாரு மொறைங்க?"

அது பங்காளியின் முறை. அங்கே இருந்தவர்கள் எல்லாம் கிணறு வைத்துப் பாடுபடுகிறவர்கள். யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோர்ட்டே சிரித்தது. வக்கீல் திரும்பி, "சிரிக்காதீங்க. அவரும் நாளைக்கு ஊருல நடமாடோணுமில்ல?" என்று சொல்லிவிட்டு, இவர் தடுமாறிக் கூண்டை விட்டு இறங்கியபோது முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டாராம்.

அன்று வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமலே சொன்னார்:

"கேள்வி கேட்டானே, அதைக்கூட மறந்துருவேன் புள்ள. என் கையப் புடிச்சு எறக்கி உட்டான் பாரு, அதை மறக்க மாட்டேன். அவன் விழுகிற வரைக்கும் என் மொகத்துல கத்தி படாது."

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது சில வருஷம்தான் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. இந்த மனிதர் என்னோடு உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தேன். அவர் பேசத்தான் செய்தார். பேச்சு முழுக்க வக்கீலைப் பற்றியே இருந்தது.

"இன்னைக்கு இருமிக்கிட்டே நின்னான். நெஞ்சுச் சளி. வெந்நீரு குடிக்க மாட்டானாட்ட இருக்குது." "காப்பிக்குச் சக்கரை போடறதில்ல புள்ள அவன்." "கோட்டுல ரெண்டாவது பொத்தான் இல்லை. ஊட்டுல தெச்சுக் குடுக்க ஆளில்லையா?"

எனக்குக் கத்தரிக்காய் ஆகாது, தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும். அது அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்த வக்கீலின் கோட்டில் எத்தனையாவது பொத்தான் இல்லை என்பது தெரிந்திருந்தது. நான் மூக்குத்தி மாற்றினேன், அவர் பார்க்கவில்லை. இளம்பிள்ளை ஊரில் நெய்த சேலை ஒன்றை, என் அண்ணன் எடுத்துக் கொடுத்ததை, ஒரு திங்கட்கிழமை காலையில் வேண்டுமென்றே கட்டிக்கொண்டு எதிரே நின்றேன். "தள்ளு புள்ள, பஸ்ஸு போயிரும்" என்றார்.

ஒரு நாள் அவர் மடியில் கடையாணியோடு வந்தார். வண்டிச் சக்கரம் கழன்றுவிடாமல் அச்சில் செருகும் ஆணி. வக்கீலின் வில்வண்டியில் இருந்து பிடுங்கியது. அன்று சாயங்காலமே, சக்கரம் கழன்று வண்டி சாய்ந்ததும் வக்கீலுக்குக் கை முறிந்ததும் ஊருக்குள் தெரிந்துவிட்டது. போலீஸ் வரும், இவரைக் கொண்டுபோய்விடும் என்று பயந்து கிடந்தேன். யாரும் வரவில்லை. இவர் ஆணியைப் பிடுங்கியதை ஒரு கடைக்காரர் பார்த்திருந்தாராம். அவர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தும், ஆணி தேய்ந்துபோனது, என் அஜாக்கிரதை என்று வக்கீல் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒரு செயிலுகூடக் குடுக்க மாட்டேங்கறானே!"

அடுத்த திங்கட்கிழமை நானும் வருகிறேன் என்றேன். மலைக்கோயிலுக்கு வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த வக்கீலைப் பார்க்க வேண்டும். எப்படித்தான் இருக்கிறார், என்னிடம் இல்லாதது என்ன இருக்கிறது? கோர்ட்டு வாசல் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஒல்லியாக, முன்மண்டை வழுக்கையாக, கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் படியிறங்கி வந்தார். இவ்வளவுதானா என்று இருந்தது. அவர் எங்கள் அருகே வந்ததும் என் வீட்டுக்காரர் எழுந்தார். தோளில் இருந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது. என் அப்பனுக்கு முன்னால்கூட அவர் அப்படி இறக்கியதில்லை.

"வாங்க. உங்க பக்கம் மழையுங்களா?" என்றார் வக்கீல். என்னைப் பார்த்து, "இவுங்களையும் கூட்டியாந்திருக்கீங்க. சந்தோசம்" என்று தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

பஸ்ஸில் ஏறியதும் இவர் வழி நெடுகப் பேசினார். "என்ன திமிரு பாத்தியா புள்ள? மழையுங்களாங்கறான். கட்டுப் போட்டவன் சரியாப் போடலை, எலும்பு கோணலாச் சேரும்." நான் சன்னல் பக்கம் திரும்பிக் கரிப்புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். அவர் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு மழைக்காலத்தில் வக்கீல் காய்ச்சலில் இறந்துபோனார். அந்த வடக்கயிற்று வழக்கில் விடுதலையான ஆள்தான் வந்து வேலிக்கு அப்பால் நின்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இனித் திங்கட்கிழமை என்னுடையது என்றுதான் நினைத்தேன்.

சபதம் முடிந்தது. மறுநாள் காலையில் சவரம் செய்கிறவர் வந்தார். களத்தில் பலகை போட்டு இவரை உட்கார வைத்துத் தாடியை எடுத்தார். எங்கள் ஊரில் மீசையும் சேர்த்து முகம் முழுக்க மழிப்பது பெற்றவர்களுக்கு, கூடப் பிறந்தவர்களுக்குக் காரியம் செய்யும்போதுதான். சவரக்காரருக்குக் கை நின்றது.

"மீசையும் எடுக்கறதுங்களா? எழவுக்கு எடுக்கறாப்பல ஆயிருமுங்க."

என் வீட்டுக்காரர் முகத்தை நிமிர்த்திக் காட்டினார்.

"எடு."

மொழுமொழுவென்ற முகத்தோடு அவர் கிணற்றுக்குக் குளிக்கப் போனதைப் பார்த்துவிட்டு அக்கா ஓடி வந்தாள். "ஏனுங் கொழுந்தனாரே, யாரு தவறிட்டாங்க? நமக்குத் தீட்டு உண்டுங்களா?"

"உங்களுக்கில்லீங்க" என்றார். தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு மறுபடி சொன்னார். "நம்ம வக்கீலுங்க."

நம்ம வக்கீல். அக்காகூட அன்று கிண்டல் பண்ணவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவர் வீட்டில்தான் இருந்தார். நான் ஆசையாகச் சமைத்து, எதிரே உட்கார்ந்து பரிமாறினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் கழித்து நேராகப் பார்த்தார்.

"அந்தக் கை கோணலாத்தான் சேந்திருந்துச்சு புள்ள" என்றார். "நீயும் பாத்தீல்ல, கட்டுப் போட்டிருந்தப்ப?"

நானும் பார்த்தவள் என்பதால்தான் என் முகத்தைப் பார்த்திருக்கிறார். "ஆமாங்க" என்று குழம்பை ஊற்றினேன். மீசையில்லாத அந்த முகத்தில் பருக்கை ஒட்டியிருந்தது. நான் முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டால் எனக்காக இவர் மீசையை எடுப்பாரா என்று கேட்க வாய் வரை வந்தது. மோரை எடுத்து ஊற்றினேன்.